ராயபுரம் ரயில் நிலையம் - தலைவாசலாக இருந்து நடுவழி ஸ்டேஷனாக மாறிய கதை

வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்ணாரப்பேட்டைக்கு அடுத்தது ராயபுரம். வண்டி அங்கே அரை நிமிடம் நின்றாலே அதிகம். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தவர்களுக்கு சிவப்பும் வெள்ளையுமாக, உயரமான தூண்களோடு ஒரு பழைய கட்டடம் தெரியும். பள்ளிக்கூடமோ, யாரோ ஜமீன்தார் பங்களாவோ என்று நினைத்துக்கொண்டு தினமும் அதைக் கடந்து போகிறவர்கள் நிறைய பேர்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் அதுதான்! இந்தியாவில் இன்னும் பயன்பாட்டில் இருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையதும் அதுதான் என்கிறார்கள்.

மும்பையில் 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி போரிபந்தரில் இருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. கல்கத்தா பக்கம் 1854 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஹவுராவில் இருந்து ஹூக்ளிக்கு. சென்னை மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் போரிபந்தரின் பழைய நிலையம் இன்று இல்லை. அந்த இடத்தை 1888-இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் எடுத்துக்கொண்டது. ஹவுராவில் முதலில் இருந்த நிலையமும் இல்லை. இப்போது நிற்பது 1905-இல் வந்த கட்டடம். முதலில் வந்தவை இரண்டும் போய்விட, மூன்றாவதாக வந்த ராயபுரம் மட்டும் மிஞ்சி நிற்கிறது.

எப்படி மிஞ்சியது? இந்தக் கட்டடத்தின் கதையே இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

ஏன் ராயபுரம்?

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. இயேசுவின் சீடரான பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். அவர் பெயரில் அமைந்த புனித பேதுரு தேவாலயத்தை வைத்து ஏற்பட்டதுதான் ராயபுரம். கடலோரம். மீனவர்களும் படகோட்டிகளும் நிறைந்த பகுதி.

1850-களில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையில் இருந்து தள்ளி ஆழ்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். அப்படி வரும் பொருட்கள் கோட்டையையும் கருப்பர் நகரத்தையும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி இருந்த கிடங்குகளில் அடையும். வியாபாரிகளும் கம்பெனி ஆபீஸ்களும் அங்கேதான். ஆகவே ரயில் பாதை கடலை ஒட்டி, வியாபாரப் பகுதிக்குப் பக்கத்தில் தொடங்க வேண்டும். கோட்டைச் சுவருக்குள் இடம் இல்லை. சுவருக்கு வெளியே, வடக்கே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது ராயபுரம். அப்படித்தான் இந்த இடம் தேர்வானது.

சென்னைக்குத் தண்டவாளம் அதற்கு முன்பே அறிமுகம்தான். 1830-களின் பின்பாதியில் செங்குன்றம் பக்கத்தில் இருந்து சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வர ஒரு சிறிய பாதை போட்டார்கள். ஆனால் அது ஜனங்கள் டிக்கெட் எடுத்து ஏறிப் போகும் ரயில் அல்ல.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1845-இல் லண்டனில் தொடங்கப்பட்டது. முதல் முயற்சி நடுவில் நின்று போய், 1850-களில் மறுபடி உயிர் பெற்றது. அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகளுக்கு அரசாங்கம் ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தது. போட்ட முதலுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் கைக்கு வந்துவிடும்! குறைந்தால் அரசாங்கம் தன் வருவாயில் இருந்து கொடுக்கும். அந்த வருவாய் யாரிடம் இருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நிலவரி கட்டிய விவசாயியிடம் இருந்துதான். ஆக, ரயிலைக் கண்ணால் கூடப் பார்த்திராத ஒரு குடியானவனும் ராயபுரத்துத் தூண்களுக்குத் தன் பங்கைக் கொடுத்திருக்கிறான்.

பாதை வேலை 1853-இல் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் வாலாஜா ரோடு வரை 63 மைல், அதாவது சுமார் 101 கிலோமீட்டர், தயாரானது. மாட்டு வண்டியில் போனால் மூன்று நாளாவது ஆகக்கூடிய தூரம். வாலாஜாபேட்டை நெசவுக்குப் பேர் போன ஊர். பக்கத்திலேயே ஆற்காடு. துணியும் பருத்தியும் தோலும் கடற்கரைக்கு வர வேண்டும், சிப்பாய்கள் உள்நாட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு.

1856 - திறப்பு விழா

1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ஆம் தேதி மக்களுக்கான ரயில் சேவை தொடங்கியது. விழா ரயிலில் கவர்னரோடு சுமார் 300 ஐரோப்பியர்கள் வாலாஜா பக்கம் போனார்கள். இந்தியர்களுக்கு? அவர்களுக்கு இரண்டாவதாக ஒரு ரயில். அது திருவள்ளூர் வரை மட்டும் போய்த் திரும்பியது. அந்தப் பெட்டிகளைச் செய்தது சென்னையில் குதிரை வண்டிகள் கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் கம்பெனி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதை ஒன்று, நிலையம் ஒன்று, ஆனால் ரயில் இரண்டு. இந்தக் கட்டடத்தின் முதல் நாளிலேயே யார் எவ்வளவு தூரம் போகலாம் என்பது பிரிக்கப்பட்டுவிட்டது.

கட்டடமும் அதற்கு ஏற்ற மாதிரிதான் இருந்தது. முகப்பில் கிரேக்கக் கோயில்களின் பாணியில் தூண்கள். உயர்ந்த கூரையோடு பெரிய கூடங்கள். லண்டனில் இருந்து வரும் துரைமார்கள் 'ஊரை விட்டு வந்துவிட்டோம்' என்று நினைக்காமல் இருக்க வேண்டும், உள்ளூர்க்காரன் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இந்த இரண்டு வேலையையும் அந்தத் தூண்கள் செய்தன. அந்தக் காலத்தில் ரயில் நிலையம் என்பது டிக்கெட் வாங்கும் இடம் மட்டும் இல்லை, ஆட்சியின் முகமும் கூட.

முதல் வேலை: ஊரின் தலைவாசல்

அடுத்த பதினைந்து வருடம் ராயபுரத்துக்குப் பொற்காலம். பாதை மேற்கே நீண்டு சேலம், ஈரோடு, போத்தனூர் என்று போய் 1862-க்குள் மலபார் கடற்கரையைத் தொட்டது. ஜோலார்பேட்டையில் இருந்து கிளை பிரிந்து 1864-இல் பெங்களூர் கண்டோன்மென்டுக்குப் போனது. அரக்கோணத்தில் இருந்து வடமேற்கே போன பாதை 1871-இல் ராய்ச்சூரில் மும்பையில் இருந்து வந்த பாதையோடு கை கோத்தது. அதாவது ராயபுரத்தில் ஏறினால் பாலக்காட்டுக்கும் போகலாம், பம்பாய்க்கும் போகலாம்!

ரயிலோடு சேர்ந்து வடசென்னையும் மாறியது. பெரம்பூரில் 1856-லேயே ரயில்வே பணிமனை வந்துவிட்டது. இஞ்சினைப் பிரித்து மாட்டவும், பெட்டி கட்டவும், இரும்பு உருக்கவும் ஆள் தேவைப்பட்டது. அடுத்து 1870-களின் கடைசியில் பக்கிங்ஹாம் ஆலை, பிறகு கர்நாடிக் ஆலை. வயலும் தோட்டமும் ஏரியுமாக இருந்த பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி பகுதிகள் சங்கு ஊதினால் எழுந்து வேலைக்கு ஓடும் தொழிலாளர் குடியிருப்புகளாக மாறியதற்கு இந்தத் தண்டவாளமும் ஒரு முக்கியமான காரணம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் போது கப்பல்களில் வந்து இறங்கிய தானிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. அவற்றை உள்நாட்டுக்கு எடுத்துப்போக ரயில்தான் வழி. அதே ரயில்தான் பஞ்ச காலத்திலும் தானியத்தை ஏழை ஊரில் இருந்து விலை அதிகம் கிடைக்கும் ஊருக்கு இழுத்துப் போனது என்ற விமர்சனமும் உண்டு. இரண்டும் உண்மைதான். தண்டவாளத்துக்கு இரக்கம் கிடையாது. ஏற்றுகிறவன் எந்தப் பக்கம் அனுப்புகிறானோ அந்தப் பக்கம் போகும்.

போட்டிக்கு வந்த தம்பி

ஊர் வளர்ந்தது. ராயபுரத்தின் கூட்டமும் வளர்ந்தது. 1873-இல் பார்க் டவுனில் இரண்டாவதாக ஒரு முனையம் கட்டினார்கள். அதுதான் சென்ட்ரல். ஆரம்பத்தில் அது ராயபுரத்தின் சுமையைக் குறைக்க வந்த தம்பி. நகரத்தின் நடுவில், மவுண்ட் ரோட்டுக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் வசதியான இடத்தில் இருந்ததால் தம்பி மெல்ல மெல்ல அண்ணனை முந்த ஆரம்பித்தார்.

துறைமுகமும் தன் பங்குக்கு நிலைமையை மாற்றியது. 1875-இல் அப்போதைய வேல்ஸ் இளவரசர் நினைவுக்கல் நாட்ட, செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. 1881-இல் வந்த புயல் கட்டியதில் பெரும் பகுதியை உடைத்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். துறைமுகம் நிலைபெற்றதும் கடற்கரையை ஒட்டியே தண்டவாளம் வேண்டியிருந்தது. 1907-இல் ராயபுரத்தில் இருந்து பாதை தெற்கே கடற்கரையோரமாக நீட்டப்பட்டது.

ஒரு முனையத்துக்கு அப்பால் தண்டவாளம் நீண்டுவிட்டால் அது முனையமே இல்லை! வண்டிகள் கிளம்பும் இடமாக இருந்த ராயபுரம், வண்டிகள் கடந்து போகும் இடமாக ஆனது. வெளியூர் ரயில்கள் சென்ட்ரலுக்குப் போய்விட்டன. அடுத்த வருடமே, 1908-இல், தெற்கே போகும் ரயில்களுக்காக எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. ஐம்பது வருடத்தில் ராயபுரத்தின் முதல் வேலை முடிந்துவிட்டது.

இரண்டாவது வேலை: ஆபீஸ்

பயணிகள் போனாலும் ஃபைல்கள் போகவில்லை. 1908-இல் மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராத்தா ரயில்வேயும் இணைந்து மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா ரயில்வே என்று ஆனது. எம்.எஸ்.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1922 வரை அதன் தலைமையகம் ராயபுரத்தில்தான். பிறகு சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புதிய தலைமையகம் கட்டப்பட்டு எல்லோரும் அங்கே குடிபோனார்கள். இன்று தெற்கு ரயில்வேயின் தலைமையகமாக இருப்பது அந்த 1922 கட்டடம்தான்.

ஆக, பயணிகளைத் தொடர்ந்து அதிகாரிகளும் போயாகிவிட்டது.

மூன்றாவது வேலை: சரக்கு

அதன் பிறகு ராயபுரத்தைத் தாங்கிப் பிடித்தது சரக்குதான். துறைமுகம் தெற்கே, சால்ட் கோட்டர்ஸ் சரக்கு நிலையம் மேற்கே, தண்டையார்பேட்டை வடக்கே. நடுவில் ராயபுரம். நிலக்கரி, தாது, தானியம், எண்ணெய் என்று எது வந்தாலும் இந்தத் தண்டவாள வலைக்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி எம்.எஸ்.எம்., தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே உருவானது. ராயபுரத்தைச் சுற்றி யார்டும் ஷெட்டுமாகப் பெருகின. இன்றும் நாடெங்கும் எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுக்கும் மின்சார இஞ்சின்கள் பலவற்றின் பக்கவாட்டில் 'ராயபுரம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அவற்றின் வீடு ராயபுரம் எலக்ட்ரிக் லோகோ ஷெட். டெல்லி ஸ்டேஷனில் நிற்கும் இஞ்சினில் ராயபுரம் என்று படிக்கும் வடசென்னைக்காரருக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்யும்.

ஆனால் சரக்கு ரயிலுக்குத் தூணும் கூடமும் எதற்கு? புறநகர் ரயிலில் ஏற வருபவருக்குத் தேவை ஒரு டிக்கெட் கவுண்டரும் ஒரு பெஞ்சும்தான். சுற்றிலும் வேலை நடந்துகொண்டே இருக்க, நடுவில் இருந்த பழைய கட்டடத்துக்கு மட்டும் வேலை இல்லாமல் போயிற்று. பல ஆண்டுகள் பராமரிப்பு இன்றிப் பாழடைந்து கிடந்தது.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. போரிபந்தர் ஏன் போனது? அந்த இடத்துக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது, அதனால் பழையதை எடுத்துவிட்டுப் பெரியதாகக் கட்டினார்கள். ராயபுரம் ஏன் மிஞ்சியது? யாரும் அதைப் பெரிதாக்க நினைக்கவில்லை. பாதுகாத்ததால் அது பிழைக்கவில்லை, மறந்துபோனதால் பிழைத்தது! வடசென்னையில் பழைய கட்டடங்களும் பழைய தெருக்களும் அதிகம் மிஞ்சியிருப்பதற்கும் இதுவே காரணம். பணம் தெற்குப் பக்கம் போய்விட்டது.

2005 - புதுப்பிப்பு

நிலையத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பாரம்பரிய ஆர்வலர்களும் பகுதி மக்களும் குரல் கொடுத்தார்கள். 2005-இல் ரயில்வே பழைய கட்டடத்தைச் சீரமைத்துத் திறந்தது. இன்று ஜன்னலில் இருந்து தெரியும் சிவப்பும் வெள்ளையுமான பளிச் தோற்றம் அந்தப் புதுப்பிப்பின் வழி வந்தது. 2006-இல் நிலையத்துக்கு 150 வயது ஆனது.

வண்ணம் அடித்தாயிற்று. சரி, அப்புறம்? உள்ளே என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு 2005-இல் பதில் கிடைக்கவில்லை. இன்றும் முழுசாகக் கிடைக்கவில்லை.

முனையமா, அருங்காட்சியகமா?

வடசென்னை மக்கள் நீண்ட நாளாகக் கேட்டுவருவது ஒன்றுதான். ராயபுரத்தை மறுபடியும் முனையம் ஆக்குங்கள்! அவர்களது நியாயம் எளிமையானது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ இருக்கிற ஒருவர் மதுரைக்குப் போக எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டும். மூட்டை முடிச்சோடு, குழந்தை குட்டியோடு, துறைமுக லாரிகளின் நெரிசலில். ஊரின் முதல் ரயில் நிலையம் வீட்டுப் பக்கத்தில் இருந்தும் வெளியூர் ரயிலுக்கு ஊரின் மறுகோடிக்கு ஓட வேண்டுமா? சென்னையின் மூன்றாவது முனையமாக வளர்ந்தது தாம்பரம். அதுவும் தெற்கேதான்.

ராயபுரத்தைச் சுற்றி ரயில்வேக்குச் சொந்தமான நிலம் ஏராளம். அதனால் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. மறுபக்கத்துக் கஷ்டங்களும் உண்மையானவை. தெற்கே போகும் ரயில் ராயபுரத்தில் இருந்து கிளம்பினால் பீச் - எழும்பூர் இடையே உள்ள குறுகலான பகுதியைக் கடந்தாக வேண்டும். அந்த நாலு கிலோமீட்டரில் நான்காவது பாதை போடுவதற்காக மட்டும் பீச் - சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்டில் நிறுத்தி, 2024 அக்டோபரில்தான் மறுபடி விட்டார்கள். ஒரு பாதைக்கே பதினாலு மாதம்! இதை வைத்துப் பார்த்தால் முனையம் என்பது பலகை மாட்டி முடிகிற வேலை இல்லை என்று புரியும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. பதினைந்து இருபது நடைமேடை கொண்ட முனையம் வந்தால் 1856-ஆம் வருடத்துக் கட்டடத்தின் கதி என்ன? போரிபந்தருக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்துவிட்டால்?

சரி, அருங்காட்சியகம் ஆக்கலாமே என்பார்கள் சிலர். சென்னையில் ரயில் அருங்காட்சியகம் ஒன்று ஏற்கெனவே ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002 முதல் இருக்கிறது. பழைய இஞ்சின்களும் பெட்டிகளும் அங்கே நிற்கின்றன. இன்னொன்று வைத்தால் கூட்டம் வருமா என்பது நியாயமான சந்தேகம்.

சியோல் என்ன செய்தது?

இதே பிரச்சனை கடல் தாண்டி ஒரு ஊரில் வந்திருக்கிறது. தென்கொரியத் தலைநகர் சியோலின் பழைய ரயில் நிலையம். 1925-இல், கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தபோது கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் கெய்ஜோ நிலையம். செங்கல் சுவர், நடுவில் பெரிய குவிமாடம், மாடியில் மேல்நாட்டு உணவு பரிமாறும் உணவகம். ராயபுரத்தின் தூண்கள் செய்த வேலையைத்தான் அந்தக் குவிமாடமும் செய்தது. ஆளுகிறவர் யார் என்று ஊருக்குச் சொல்வது.

1945-இல் விடுதலை. 1947-இல் பெயர் சியோல் நிலையம் என்று மாறியது. கொரியப் போரில் அடிபட்டது, பழுது பார்த்தார்கள். 1981-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். பட்டியலில் அதன் எண் 284. 2004-இல் அதிவேக ரயில் வந்தபோது பக்கத்திலேயே கண்ணாடியும் இரும்புமாகப் புதிய நிலையம் எழும்பியது. பழையது பூட்டப்பட்டு சும்மா கிடந்தது. இதுவரை ராயபுரத்தின் கதை மாதிரியேதான் இல்லையா?

அதன் பிறகுதான் வித்தியாசம். கட்டடத்தை அதன் பழைய தோற்றத்துக்கே மீட்டு, 2011-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். பெயர் 'கல்ச்சர் ஸ்டேஷன் சியோல் 284'. தங்களை அடிமைப்படுத்தியவன் கட்டியது என்று இடித்துத் தள்ளவில்லை. (அதே சியோலில் ஜப்பானிய கவர்னர் ஜெனரல் இருந்த பெரிய கட்டடத்தை 1990-களில் இடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) ரயில் நிலையம் வேறு. அதில் ஆண்டவன் மட்டும் போகவில்லை. ஊரை விட்டுப் பிழைக்கப் போனவன், போரில் ஓடியவன், கிராமத்தில் இருந்து வேலை தேடி வந்தவன் எல்லோரும் அந்தக் கூடத்தின் வழியாகத்தான் நடந்தார்கள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இன்னொரு உதாரணம். 1830-இல் திறந்த லிவர்பூல் ரோடு நிலையம் பயணிகளுக்கு வெறும் 14 வருடம்தான் பயன்பட்டது. 1844-இல் வேறு நிலையம் வந்ததும் அது சரக்கு நிலையமாகிவிட்டது. சரக்குக்காக 1975 வரை உழைத்தது. பயணிகள் கைவிட்டதால்தான் யாரும் இடித்துக் கட்டவில்லை. 1983-இல் அது அருங்காட்சியகத்தின் பகுதியாயிற்று. ராயபுரம் கதையின் ஆங்கிலப் பதிப்பு என்றே சொல்லலாம்.

இரண்டில் இருந்தும் தெரிவது ஒன்றுதான். பழைய கட்டடம் சுண்ணாம்பால் வாழாது, உள்ளே நடமாடும் ஆட்களால்தான் வாழும். ரயிலுக்கு வேண்டிய இடத்தைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, பழைய கூடத்தை மக்களிடம் விட்டது சியோல். முனையமா பாரம்பரியமா என்று சண்டை போட வேண்டிய அவசியமே அங்கே இல்லாமல் போனது. ராயபுரத்திலும் அது முடியும். நிலம் இருக்கிறது. முனையம் தள்ளி வரட்டும். 1856 கூடத்தில் ஒரு நூலகம் வரலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்க வீட்டில் இடம் இல்லாமல் தவிக்கும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு மேஜையும் மின்விசிறியும் போடலாம். பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள், துறைமுகக் கூலிகள், மீனவர்கள் எல்லோரது கதையையும் சுவரில் மாட்டலாம். மாலையில் கானா பாடலாம், நாடகம் போடலாம். இதற்குக் கோடிக்கணக்கில் எதுவும் வேண்டாம். மனசுதான் வேண்டும்.

கடைசியாக ஒரு குழப்பம்

இந்திய ரயில்வேயின் வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. தெற்கின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் இருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது! ராயபுரம் என்று இல்லை.

வியாசர்பாடிக்காரர்கள் உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஜீவா என்ற ப.ஜீவானந்தம் பிறந்ததே 1907-இல். பூதப்பாண்டியில் பிறந்து, 1952-இல் வண்ணாரப்பேட்டைத் தொகுதியில் வென்று சட்டமன்றம் போனவர். 1963-இல் மறைந்தார். அவர் பெயர் கொண்ட நிலையம் 1856-இல் இருந்திருக்க வழியில்லை. திறப்பு விழா நடந்தது ராயபுரத்தில் என்பதில் சந்தேகம் இல்லை. பழைய ஆவணத்தில் பாதையின் தொடக்கத்தை வியாசர்பாடி என்று குறித்திருக்க, பின்னால் வந்த யாரோ இன்றைய பெயரை அதில் ஒட்டியிருக்க வேண்டும்.

தப்புதான். இருந்தாலும் அழகான தப்பு. முதல் நாள் ரயிலில் 300 துரைமார்கள் வாலாஜா வரை போக, உள்ளூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர் வரைதான் என்று அளந்து விட்ட அந்தப் பாதையின் முகப்பில், தொழிலாளர்களுக்காகவே வாழ்ந்து குடிசையில் இருந்த ஒரு மனிதரின் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது.

வியாசர்பாடி ஜீவாவில் ஏறுகிறவர்கள் அடுத்த முறை ராயபுரத்தில் ஒரு தடவை இறங்கித்தான் பாருங்களேன். அடுத்த வண்டி வரும் வரை அந்தத் தூண்களின் நிழலில் நிற்கலாம். டிக்கெட் ஒன்றுதான், கூடுதல் காசு எதுவும் இல்லை.